மணல் வெள்ளை

முதலில் உங்கள் அலுவலகத் தரையைப் பற்றி ஒரு வார்த்தை. கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் வெட்டுத் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். முழு டைல் கதவருகே தொடங்க வேண்டும். வெட்டுத் துண்டு எதிர்ச்சுவர் ஓரமாக, அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். பதித்தவர் அவசரக்காரர் போலிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. நேற்று மூன்று மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை.

நேற்று நீங்கள் கேட்டதற்கு நான் வாயால் சொன்ன பதில்கள் சரியாக அமையவில்லை. இன்று காகிதம் கொடுத்து, அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள் என்று சொன்னீர்கள். விசாரணை அதிகாரிகள் இவ்வளவு மரியாதையாக இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே எதையும் விடாமல் எழுதுகிறேன்.

நான் பெயிண்ட் கடையில் கலர் கலக்குபவன். இருபத்தாறு வருஷமாக ஒரே கடை. யாராவது பழைய சுவரில் சுரண்டிய பொடியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தால், அதே நிறத்தை வாளி நிறையக் கலந்து தருவேன். காய்ந்த பிறகு பழைய சுவர் எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று அடித்தவருக்கே தெரியாது. என் தொழிலில் பெருமைப்பட அது ஒன்றுதான் இருக்கிறது.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் தெருவில் எனக்கென்று தனியாகப் பெயர் கிடையாது, டீச்சர் வீட்டுக்காரர் என்றால் தெரியும். அவள் நடை வேகம். கல்யாணமான புதிதில் கடைத்தெருவுக்குப் போனால் பத்தடி முன்னால் போய் நின்று, வருகிறீர்களா அல்லது அங்கேயே குடியிருக்கப் போகிறீர்களா என்று கேட்பாள். நான் சிரித்துக்கொண்டே போய்ச் சேருவேன். மறுபடி பத்தடி முன்னால் போய்விடுவாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவளுக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. இடது கண் முழுவதும் போயிற்று. வலது கண்ணில் நடுவே ஒரு வட்டம் மட்டும் மிச்சம். வளையல் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்பாள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் படிக்க முடியாமல் போனதும் பள்ளியில் விழா எடுத்து, மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். பார்வை போகிறவளுக்குக் கடிகாரம். அதையும் நான்தான் ஆணி அடித்து மாட்டினேன்.

அந்த வருஷம்தான் கடைத்தெருவில் முதல்முறையாக என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என் நடைக்கு அவள் நடந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூடாதுதான், ஆனால் நீங்கள் உண்மையை எழுதச் சொன்னீர்கள். என் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் எவை என்று கேட்டால் அந்த ஐந்தாறு வருஷங்களைத்தான் சொல்வேன்.

பிறகு பார்வை குறைந்தவர்களுக்கான மையத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வர ஆரம்பித்தார். புதன்கிழமைதோறும் வருவார். கையில் ஒரு கோலைக் கொடுத்துத் தெருவில் நடக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு வருஷத்துக்குள் என் மனைவி தனியாகக் கடைக்குப் போய், காய்கறிக்காரரிடம் சண்டையும் போட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள். எல்லாரும் மெச்சினார்கள். நானும்தான் மெச்சினேன். என் முழங்கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

போன வருஷக் கடைசியில் அந்த மையத்தின் பள்ளியில் அவளுக்கு வேலை வந்தது. பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு விரலால் தொட்டுக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். ஊர் எங்கள் ஊரிலிருந்து ஏழு மணி நேரப் பயணம். விடுதியில் தங்க வேண்டும், துணைக்கு ஆள் கிடையாது. அதனால் சேர்வதற்கு முன் பயிற்சியாளர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அவள் குளிப்பது, சமைப்பது, படியேறுவது எல்லாவற்றையும் தனியாகச் செய்கிறாளா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதையெல்லாம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரே மூச்சில் சொன்னாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"நான் இருக்கேன்ல, எதுக்கு அவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"நீங்க இருக்கீங்க," என்றாள். "நான் எங்க இருக்கேன்?"

நானும் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன், அது ஒரு கேள்வியாகவே எனக்குப் படவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டுக்காரர் வந்து, எங்கள் குளியலறையிலிருந்து அவர் சமையலறைக் கூரையில் ஈரம் இறங்குகிறது என்றார். தரையைப் பெயர்த்தால்தான் சரியாகும் என்று டைல்ஸ் மேஸ்திரி சொன்னார். இதை நான் வரவழைக்கவில்லை. ஈரம் தானாக இறங்கியது. வேண்டுமானால் கீழ்வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

பழைய குளியலறை எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் காலத்தது. தரையில் ஆறு அங்குலச் சதுர டைல்கள், கரும்பச்சை. சுவர் வெள்ளை. டைலுக்கும் டைலுக்கும் நடுவிலுள்ள ஜாயின்ட் எல்லாம் விரல் நுனி இறங்குகிற அளவுக்கு ஆழம். பார்க்க அழகில்லை. என் மனைவிக்கு அது மனப்பாடம். கதவிலிருந்து ஒன்பது டைல் போனால் ஒரு படி இறங்கும், இரண்டு அங்குலம்தான். இறங்கி ஐந்து டைல் போனால் குழாய். கால் பெருவிரலால் ஜாயின்ட்டைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போவாள். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அவள் எண்ணுவது தெரியாது. எனக்கே நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அதே மாதிரி டைல் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னாள். கிடைக்காவிட்டால் இதைப் பாருங்கள் என்று பயிற்சியாளர் கொடுத்த ஒரு தாளையும் தந்தாள். பார்வை குறைந்தவர்கள் வீட்டுக் குளியலறை எப்படி இருக்க வேண்டும் என்று எட்டு வரிகள். கடையில் பழைய அளவிலேயே, கரும்பச்சையிலேயே ஆறு பெட்டி இருந்தன. நான் வீட்டுக்கு வந்து, அந்த ரகத்தையே நிறுத்திவிட்டார்களாம் என்று சொன்னேன். சின்னப் பொய். எந்த வீட்டில்தான் இல்லை?

இப்போது டைல் தேர்வுக்கு வருகிறேன். நேற்று நீங்கள் இதில்தான் அதிக நேரம் செலவழித்தீர்கள். பெரிய பலகை டைல், நாலடிக்கு இரண்டடி எடுத்தேன். பெரிய டைல் போட்டால் சின்ன அறை விசாலமாகத் தெரியும், யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஜாயின்ட்டைத் தாள் கனத்துக்கு வைத்து, டைல் நிறத்திலேயே அடைக்கச் சொன்னேன். அழுக்கு தங்காது. நல்ல பளபளப்பு ரகம், துடைக்கச் சுலபம். நிறம், மணல் வெள்ளை. தரை, படி, சுவர் எல்லாமே.

நிறத்தைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கடை ஷேடு கார்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் பின்னால் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கான எண். கறுப்பு பூஜ்யத்துக்குப் பக்கம், வெள்ளை நூறுக்குப் பக்கம். இரண்டு நிறங்களின் எண்கள் நெருக்கமாக இருந்தால், பார்வை மங்கியவர்களுக்கு அவை ஒரே நிறம். பழைய குளியலறையில் தரை பன்னிரண்டு, சுவர் எண்பது. நான் எடுத்ததில் தரை அறுபத்தெட்டு, சுவர் அறுபத்தொன்பது. சோப்புத் தட்டும் துண்டுக் கம்பியும் அதே நிறத்தில் கிடைக்க நாலு கடை ஏறி இறங்கினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் எது எங்கே இருக்கிறதென்று தெரியாது.

அந்த எட்டு வரித் தாள் அப்போதெல்லாம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. தொலைந்துபோனதாக நேற்றுச் சொன்னேன், தொலையவில்லை. என் கொழுந்தியாள், அதாவது மனைவியின் தங்கை, என் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். அதிலுள்ள பேனாக் குறிகள் என்னுடையவை. தரையும் சுவரும் வேறு வேறு நிறமாக இருக்கட்டும் என்றது முதல் வரி, படி ஓரத்தில் கறுப்புப் பட்டை வையுங்கள் என்றது இரண்டாவது, பளபளப்பு வேண்டாம் என்றது மூன்றாவது. ஒவ்வொன்றாகப் பார்த்து, அப்படிச் செய்யாமல் விட்டு, ஒரு குறி போட்டேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. எட்டாவது வரி, பயன்படுத்தப்போகிறவரைக் கேளுங்கள் என்றது. அதற்கும் குறி போட்டேன்.

ஏழாவது வரிக்குக் குறி இல்லை, கவனித்திருப்பீர்கள். வைத்த பொருளை வைத்த இடத்திலிருந்து நகர்த்தாதீர்கள் என்று இருக்கும். அதை மட்டும் நான் மதித்தேன். சோப்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. அவள் பழக்கத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மேஸ்திரி நல்ல மனிதர், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. தண்ணீர் நன்றாக ஓட வேண்டும் என்று உலர்ந்த பகுதியை உயர்த்தி, இரண்டு அங்குலப் படியை ஐந்து அங்குலமாக்கச் சொன்னபோது தலையைச் சொறிந்தார். பதித்து முடித்த அன்று, கதவருகே ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தார்.

"சார், எனக்கே படி தெரியல. ஓரத்துல ஒரு கறுப்புப் பட்டை ஒட்டிடலாம். அம்மாவுக்குப் பார்வை சரியில்லன்னு சொன்னீங்களே."

"அழகு கெட்டுடும்," என்றேன். "நான் இருக்கேன்ல."

அவர் மட்டப்பலகையைக் கழுவ ஆரம்பித்தார். உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னது அவர் என்று தெரியும். கோபமில்லை. அவர் பதித்த தரையில் ஒரு டைல்கூட ஏறி இறங்கி இல்லை.

புது அறைக்குள் அவளைக் கைப்பிடித்து அழைத்துப்போனேன். வாசலிலேயே நின்றுவிட்டாள். பாதத்தை இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தாள். சுவரைத் தடவினாள்.

"பால் பாத்திரத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. தரை எங்க முடியுது?"

"நான் இருக்கேன்ல."

"நீங்க எப்பவும் பாத்ரூம்லயேவா இருக்கப் போறீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நன்றாகப் போயிற்று. காலையில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். படி இறக்கிக் குழாயருகே விட்டுவிட்டு நான் வெளியே நிற்பேன். முடிந்ததும் கூப்பிடுவாள், போவேன். கடைக்குத் தாமதமாகப் போனேன், முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் வீட்டுக்காரர் எவ்வளவு பொறுமை என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்களாம். பயிற்சியாளர் வருகிற தேதி நெருங்க நெருங்க அவள் சாப்பாடு குறைந்தது. தன்னால் முடியாது போலிருக்கிறது, சின்ன அறையைக்கூட மனதில் வாங்க முடியவில்லை, மூளையும் மழுங்குகிறதோ என்று ஒரு நாள் சொன்னாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். டைலைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

நான்காவது வாரம் ஒரு காலையில் குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உள்ளே தண்ணீர்ச் சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "குளிச்சிட்டிருக்கேன், போய்க் காப்பி போடுங்க," என்றாள். குரலில் பழைய டீச்சர். பத்தடி முன்னால் போய் நின்றுகொண்டு கூப்பிடும் அதே குரல்.

அவள் வெளியே வந்த பிறகு போய்ப் பார்த்தேன். காயத்துக்கு ஒட்டுகிற துணிப் பிளாஸ்திரியைச் சின்னச் சின்னதாகக் கத்தரித்து இடப்பக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒட்டியிருந்தாள். படி இருக்கும் இடத்தில் ஒரு துண்டு, குழாய்க்கு இரண்டு, சோப்புக்கு மூன்று. கதவுச் சட்டத்திலிருந்து கையால் சாண் போட்டு அளந்திருக்கிறாள். படிக்கு ஏழு சாண். காலால் எண்ண முடியாவிட்டால் கையால் எண்ணினால் போகிறது என்று பெருமையாகச் சொன்னாள். இரண்டு மாதம் நான் ஓடி ஓடிச் சேர்த்ததை ஒரு கத்தரிக்கோலும் பத்துச் சாண் பிளாஸ்திரியும் வைத்துக்கொண்டு ஒரு மதியத்தில் முடித்துவிட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா. எனக்குப் பயமாக இருந்தது.

பயிற்சியாளர் வருவதற்கு முந்தின நாள் காலை, ஒத்திகை பார்க்க வேண்டும் என்றாள். நான்தான் பயிற்சியாளர் அம்மாவாம். கதவைத் திறந்து வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. விடுதியில் புழங்க வேண்டிய பக்கெட்டைக்கூடத் தனியாக வாங்கி வைத்திருந்தாள். சிவப்பு. அந்த அறையில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே பொருள் அதுதான். பக்கெட்டை வலக்கையில் பிடித்துக்கொண்டு, இடக்கையைச் சுவரில் வைத்து நடந்தாள். பிளாஸ்திரியை விரல் தொடும் முன்பே கால் இறங்கிவிட்டது.

குழாயின் கைப்பிடி நீளமான ரகம். அவளுக்குத் திருகச் சுலபமாக இருக்கும் என்று நான் எடுத்தது. வலப்புருவத்துக்குக் கீழே பட்டது. மணிக்கட்டும் முறிந்தது. மணிக்கட்டு கூடிவிட்டது. வளையல் அளவு இருந்த பார்வை திரும்பவில்லை. மருத்துவர்கள் இரண்டு முறை முயன்று பார்த்தார்கள்.

மருத்துவமனையில் மூன்றாம் நாள், கண்ணில் கட்டோடு படுத்திருந்தவள் தங்கையின் கையை வாங்கி, விரித்து, தன் கையோடு வைத்து அளந்தாள். நான் பக்கத்தில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "உன் சாண் என்னதைவிடக் கொஞ்சம் சின்னது. வீட்டுக்குப் போய்க் கதவுலேர்ந்து முதல் பிளாஸ்திரிக்கு எத்தனை வருதுன்னு பாரு. உன் கைக்கு ஏழே முக்கால் வரணும்," என்றாள். எதற்கு அக்கா என்று தங்கை கேட்டதற்கு, சும்மாதான், கணக்குச் சரிபார்க்க என்றாள். நான் பழத்தை நறுக்கி முடித்துத் தட்டில் வைத்தேன். அவள் எடுக்கவில்லை.

கொழுந்தியாள் கைக்கு ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவாக வந்திருக்கிறது. அதோடு நிற்காமல் அவள் சுவரைத் திரும்பத் தடவியிருக்கிறாள். ஏழே முக்காலில் விரல் ஒட்டியிருக்கிறது. பிளாஸ்திரியை உரித்தால் பசை தங்கும். உரித்த இடத்தை நான் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன், சுத்தமாகவே தெரிந்தது. பிளாஸ்திரிப் பசை கிட்டத்தட்ட மணல் வெள்ளை. இருபத்தாறு வருஷம் கலர் பார்த்த என் கண் அதைப் பார்க்கவில்லை. அவள் விரல் பார்த்துவிட்டது. உங்களிடம் வருவதற்கு முன் என் வீட்டுக்கு வந்தாள். "அத்தான், அக்கா உங்களை ஒண்ணும் கேட்கச் சொல்லல. தெரிஞ்சுக்கிட்டாளாம், அவ்வளவுதான் சொல்லச் சொன்னா," என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நேற்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். ஈரத்தில் தானாகக் கழன்றிருக்கும், யாரோ திரும்ப ஒட்டியிருப்பார்கள் என்று மூன்று முறையும் சொன்னேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆகவே எழுதித் தருகிறேன். பிளாஸ்திரியை உரித்து ஒரு சாண் உள்ளே தள்ளி ஒட்டியது நான். ஒத்திகைக்கு அரை மணி முன்பு, அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது. அவள் சாண் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் பிடித்த கை. தாளில் ஏழாவது வரிக்கு மட்டும் குறி போடவில்லை. போட்டுக்கொள்ளுங்கள்.

அவள் அடுத்த மாதம் அந்த வேலைக்குப் போகிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். மருத்துவமனைக் குளியலறையிலேயே பயிற்சியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். நல்லது. இனி அவளுக்கு எந்த நிறமும் பொருட்டில்லை, அந்த வகையில் கஷ்டம் குறைவுதான். ஆனாலும் விடுதித் தரை வழுக்குமா, படி எவ்வளவு உயரம் என்று யாராவது ஒருமுறை பார்க்க வேண்டும். என்னை அனுப்ப முடியாது என்று தெரியும். அளவுகளை வாங்கித் தந்தால் உட்கார்ந்த இடத்திலேயே நல்ல டைலாகப் பார்த்துச் சொல்வேன். என்னைப்போல் அவளுக்கு யார் பார்த்துச் செய்வார்கள்?

கடைசியாக, கெடுதல் செய்யும் எண்ணம் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஒரு தடவை கால் தவற வேண்டும், நான் தாங்கிப் பிடிக்க வேண்டும், நல்லவேளை நீங்கள் இருந்தீர்கள் என்று அவள் சொல்ல வேண்டும், பயிற்சியாளரை வர வேண்டாம் என்று அவளே போனில் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். கடையில் ஒரு முறை எண்ணெய் சிந்திய தரையில் நான் வழுக்கியபோது மல்லாக்கத்தான் விழுந்தேன். படி தவறினால் ஆள் முன்னால் போய் விழும் என்பதை நான் யோசிக்கவில்லை. இரண்டடி பின்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தயாராகத்தான் நின்றிருந்தேன். அவள் என் பக்கம் விழுவாள் என்று நினைத்தேன்.